நான் போகாத ஏழாம் வகுப்பு

பதிவு 1

நடுநிலைப் பள்ளியில் கணக்கு படித்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று இங்கே கேட்டதற்கு ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். என் கதை கொஞ்சம் வேறு மாதிரி. ஏழாம் வகுப்புக் கணக்கை நான் வகுப்பில் உட்கார்ந்து படிக்கவே இல்லை.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடியபோது ஆறாம் வகுப்பு. திரும்ப நாங்கள் உள்ளே போனது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அப்போது நான் எட்டாம் வகுப்பு! நடுவில் ஒரு வருடம் முழுசாகப் போயிருந்தது. புத்தகம் வாங்கப் போன ஒரு நாளைத்தான் ஏழாம் வகுப்பு என்று சொல்ல வேண்டும். டிவியில் பாடம் வரும். ஆனால் புரியாத இடத்தில் கை தூக்கினால் டிவி நிற்காதே.

அப்பா கொத்தனார். கட்டட வேலை மறுபடி ஆரம்பித்ததும் என்னையும் கூட்டிப் போவார், வீட்டில் தனியாக விட முடியாது என்பதால். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஏழாம் வகுப்புப் புத்தகத்தை நானே படித்தேன். முதல் பாடம் முழுக்கள். கூட்டல், கழித்தல் வரை எப்படியோ தள்ளிவிட்டேன். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இரண்டு இல்லாததைப் பெருக்கினால் எப்படி இருக்கிறதாகும்? கேட்க ஆளில்லை. மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கம் போனேன்.

அது புரிந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பள நேரத்தில். அந்த வாரம் மூன்று நாள் வேலை தாமதமாகத் தொடங்கியது என்று நாளுக்கு 200 ரூபாய் பிடித்தம் போட்டிருந்தார் மேஸ்திரி. ஜல்லி லாரி வராததுதான் காரணம், அப்பா காலையிலேயே போய்க் காத்துக்கொண்டுதான் இருந்தார். எடுத்துச் சொன்னதும் மேஸ்திரி நோட்டில் அந்த மூன்று வரியையும் அடித்துவிட்டார். கையில் 600 ரூபாய் கூடுதலாக வந்தது. யாரும் புதிதாக 600 கொடுக்கவில்லை, பிடித்ததை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பிடித்தம் என்பது −200. அதை மூன்று தடவை எடுத்துவிட்டால் −3. பெருக்கினால் +600. நான் அங்கேயே சிரித்துவிட்டேன். அப்பா பணம் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்தது மூலைமட்டம், அதாவது மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்ப்பது. புது வீட்டுக்குக் குறி போடும்போது முளை அடித்து நூல் கட்டுவார்கள். இரண்டு நூலும் சேரும் மூலை சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை கோணிக்கொள்ளும், பிறகு தரைக்கு டைல்ஸ் போடும்போது மானம் போகும். ஒரு நூலில் 3 அடிக்கு ஒரு புள்ளி, இன்னொரு நூலில் 4 அடிக்கு ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் நடுவில் டேப்பைப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். கூடக் குறைய வந்தால் நூலை நகர்த்த வேண்டும். பெரிய கட்டடம் என்றால் 6, 8, 10 வைப்பார்கள். மூலையில் இருக்கும் சின்னக் கோணல் நீளம் கூடக் கூடத்தான் டேப்பில் தெரியும். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை.

எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் வந்தது. வகுப்புத் தேர்வில் ஒரு செங்கோண முக்கோணம், பக்கங்கள் 6, 8, கர்ணம் என்ன என்று கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, 10 என்று எழுதிவிட்டேன். வழிமுறை எங்கே என்று சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி, பாதி மதிப்பெண் போச்சு. அது நியாயம்தான், அன்றைக்குத்தான் கோபம் வந்தது. அடுத்த கேள்வி 5, 12. அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. டேப்பு பிடித்தவளுக்கு 3, 4, 5 தெரியும். அது ஏன் வருகிறது என்று தெரியாததால் வேறு எண் வந்ததும் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து வர்க்கம் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். 25, 144. மொத்தம் 169. பதில் 13.

அப்பாவிடம் 5, 12, 13 வைத்தாலும் மூலை சரியாக வரும் என்றேன். நம்பவில்லை. மறுநாள் வேலையிடத்தில் அளந்து பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு” என்றார். ஆனால் இன்றைக்கும் 3, 4, 5தான் வைக்கிறார்.

பதிவு 2

நன்றாக எழுதியிருக்கிறாய்மா. நான் எட்டாம் வகுப்பு படித்தது 1985இல். எங்கள் வாத்தியார் ‘எதிரிக்கு எதிரி நண்பன்’ என்று சொல்லித்தான் இந்தக் குறை எண் விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பே சிரித்தது, யாருக்கும் மறக்கவும் இல்லை. வினை அதிலேயே இருந்தது. (−3) + (−2) என்று பரீட்சையில் வந்தபோது பாதிப் பேர் +5 என்று எழுதினோம். இரண்டு எதிரி சேர்ந்தால் நண்பன்தானே! நீ சொன்ன பிடித்தக் கணக்கில் அந்தக் குழப்பம் வராது. 3 ரூபாய் பிடித்தத்தோடு 2 ரூபாய் பிடித்தம் சேர்ந்தால் 5 ரூபாய் போச்சு என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

இன்னொன்று. 628இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தம் என்ற நூலில் மிகை எண்ணுக்குப் பெயர் தனம், குறை எண்ணுக்கு ருணம், அதாவது கடன். கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்று அப்போதே விதி சொல்லியிருக்கிறார். உங்கள் மேஸ்திரி நோட்டும் அதே பாதையில்தான் போகிறது.

பதிவு 3

நான் அந்தச் சமயத்தில் இல்லம் தேடிக் கல்வியில், அதாவது பள்ளி மூடியதால் விட்டுப்போன பாடத்தை வீட்டருகே சொல்லித்தரும் அரசுத் திட்டத்தில், தன்னார்வலராக இருந்தேன். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டுக் காட்டினான். மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி. கீழே இருக்கும் எண்களுக்கு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்க வேண்டும் என்று மூன்று நாள் சொன்னேன், தலையாட்டினான், நான்காம் நாள் மறுபடி 2/5.

அவன் அம்மா பால் ஊற்றுபவர். “அரை லிட்டர் இருக்கும் பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அரை லிட்டரைவிடக் குறையுமா?” என்று கேட்டேன். முறைத்தான். “உன் 2/5 லிட்டர் 400 மில்லிதானே, அரை லிட்டர் 500 ஆச்சே?” அப்புறம் ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அதற்குப் பிறகு அவனாகவே அழித்தான். விடை 5/6 என்று வந்ததும் அதையும் மில்லியில் மாற்றிப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டான்.

பதிவு 4

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, அந்த 2/5 தப்பை நானும் செய்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். 5 ஆட்கள் ஒரு வேலையை 12 நாளில் முடித்தால் 60 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று எதிர் விகிதக் கணக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என்று விடை எழுதியதை அப்பா எட்டிப் பார்த்தார். “60 பேர் நிற்க அங்கே இடம் இருக்கா? சரி, நிற்கட்டும். பூசின சுவருக்கு ஒரு வாரம் தண்ணி ஊத்தணுமே, அதை எந்த 60 பேர் சீக்கிரம் முடிப்பாங்க?” என்றார். பரீட்சையில் நான் ஒரு நாள் என்றுதான் எழுதினேன்.