அலாரம் ஆனில் இருந்தால் செல்ஃப் எடுக்கக் கூடாது: ரிலே வயரிங் அனுபவங்கள்

அலாரம் எவ்வளவு கத்தினாலும் அதனால் வண்டி நிற்காது. சைரன் வயரைப் பிடுங்கிவிட்டால் அந்தச் சத்தமும் போய்விடும். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரில் ஒரு ரிலே (கரண்ட் கொடுத்தால் உள்ளே இழுத்து இணைப்பை மாற்றும் சின்ன மின்சுவிட்ச்) போட்டு, அலாரம் ஆனில் இருக்கும்வரை சாவியைத் திருகினாலும் எஞ்சின் சுற்றாமல் செய்தால்தான் அது பாதுகாப்பு. ஆனால் அந்த ரிலேயை எப்படிக் கோர்க்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள், முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சித்தப்பா பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். ஒரு நாள் ராத்திரி திடீரென்று செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது, டாஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, திருகினால் ஒரு டிக் சத்தம்கூட இல்லை. பேட்டரியை மாற்று, மோட்டாரைக் கழற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றிப் பார்த்தால், முன்பு வண்டி வைத்திருந்தவர் போட்ட அலாரத்தின் ரிலே, டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கிறது. செல்ஃப் வயரை வெட்டி, ரிலேயின் கால்களில் 30, 87 என்று எண் போட்ட இரண்டிலும் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் அலாரம் பெட்டி வேலை செய்து ரிலேயை இழுத்தால்தான் வண்டி கிளம்பும். பெட்டி செத்துப்போனதால் வண்டியும் நின்றுவிட்டது. சொந்தக்காரரையே நடுரோட்டில் விடும் வயரிங் அது.

நான் அதை 30, 87ஏ என்று மாற்றினேன். 87ஏ என்பது ரிலேவுக்குக் கரண்ட் இல்லாதபோது 30ஓடு தொட்டுக்கொண்டிருக்கும் முனை. ரிலேயை இழுக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு 86, 85 என்று இரண்டு முனை: 86க்கு இக்னிஷன் 12 வோல்ட், 85க்கு அலாரம் ஆனில் இருக்கும்போது மட்டும் கிரவுண்ட் (பேட்டரி நெகட்டிவ்) தரும் வயர். இப்போது அலாரம் ஆனில் இருக்கும்போது யாராவது சாவியைத் திருகினால்தான் ரிலே இழுத்து இணைப்பைப் பிரிக்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது இக்னிஷன் ஆஃப் என்பதால் ரிலே பேட்டரியைத் தின்னாது. பெட்டி கெட்டுப்போனாலும் வண்டி கிளம்பும். பெட்டியைப் பிடுங்கினால் திருடனும் கிளப்பலாமே என்று கேட்பீர்கள். சரிதான், அதனால் பெட்டியைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். நடுராத்திரியில் குடும்பத்தோடு மாட்டிக்கொள்வதைவிட அந்த ஆபத்து எனக்குப் பரவாயில்லை.

ரிலே வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஐந்து கால் உள்ள எல்லா ரிலேயிலும் நடுக்கால் 87ஏ என்று இருக்காது, இரண்டு காலும் 87 என்றே வருவதும் உண்டு, வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உடம்பில் அச்சடித்த படத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

*

அண்ணா, நல்ல விஷயம் எடுத்தீர்கள். அந்த 86க்குக் கொடுக்கும் இக்னிஷன் வயரைப் பற்றி ஒரு அனுபவம் இருக்கிறது.

நண்பன் ஒருவன் தன் காரைக் கொண்டுவந்தான். பணம் கொடுத்து வெளியே அலாரம் மாட்டியிருக்கிறான். சைரன் கத்துகிறது, இண்டிகேட்டர் மின்னுகிறது, ஆனால் அலாரம் ஆனில் இருக்கும்போதே சாவியைத் திருகினால் வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிறது. ரிலே சரி, 87ஏ சரி, கிரவுண்ட் வயரும் சரி. மல்டிமீட்டரை 86ல் வைத்து அவனைத் திருகச் சொன்னேன். சாவி ஆனில் 12 வோல்ட் காட்டுகிறது, செல்ஃப் சுற்றும் கிராங்க் நிலைக்குப் போனதும் பூஜ்யம்! ஆக்சஸரி வயரில் கொடுத்துவிட்டார்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரிக்குச் சுமை குறையட்டும் என்று ரேடியோ, ஏசி ஃபேன் போகும் வயர்களை இக்னிஷன் சுவிட்சே துண்டித்துவிடும். எந்த நொடியில் ரிலே இழுத்துப் பிடிக்க வேண்டுமோ அதே நொடியில் அது விட்டுவிடுகிறது.

ஆகவே சாவி ஆனிலும், கிராங்க் செய்யும்போதும், இரண்டிலும் கரண்ட் இருக்கிற வயரைத்தான் தேட வேண்டும். செல்ஃப் வயரோ நேர் எதிர்: ஆஃப், ஆக்சஸரி, ஆன் மூன்றிலும் பூஜ்யம், கிராங்க்கில் மட்டும் 12க்குப் பக்கத்தில். நிறத்தை நம்பாதீர்கள், வண்டிக்கு வண்டி மாறும். பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பக்கம் ஏர்பேக் வயர்களும் போகின்றன, பல்பு இழுக்கும் கரண்டில் ஏர்பேக் வெடித்துவிடலாம். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் எதைக் கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள்.

*

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். கியர் வண்டிக்கு செல்ஃப் வெட்டு மட்டும் போதாது. என் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ரிலே சரியாகத்தான் போட்டிருந்தது. வண்டி இறக்கத்தில் நின்றிருக்கிறது. சாவித் துவாரத்தை உடைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, உருள விட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செல்ஃப் மோட்டார் அவர்களுக்குத் தேவையே படவில்லை.

அதன் பிறகு அவர் ஃபியூவல் பம்ப்பை வெட்டச் சொல்லிக் கேட்டார், நான் வேண்டாம் என்றேன், இப்போதும் அதையே சொல்வேன். செல்ஃப் வயரில் கரண்ட் ஓடுவது கிராங்க் செய்கிற சில நொடிகள்தான். பம்ப் வயரில் வண்டி ஓடும் நேரம் முழுக்க ஓடும். ஒரு ஜாயிண்ட் தளர்ந்தாலும், அலாரம் பெட்டி பைத்தியம் பிடித்துத் தானாக ஆன் ஆனாலும், லாரிக்கு முன்னால் ஓவர்டேக் செய்துகொண்டிருக்கும்போது எஞ்சின் ஆஃப். ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். செல்ஃப் வெட்டில் இந்தப் பயம் இல்லை, ஓடுகிற எஞ்சினுக்கு செல்ஃப் வயர் தேவையில்லை. அவருக்கு நான் சொன்னது: ரிலே இருக்கட்டும், கூடவே ஸ்டியரிங் லாக் கம்பி ஒன்று போடுங்கள், நிறுத்தும்போது சக்கரத்தைத் திருப்பி வையுங்கள்.

*

என் கார் பட்டன் ஸ்டார்ட். இதே மாதிரி வெட்டலாமா?

*

தம்பி, அதில் கை வைக்காதீர்கள். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர்தான் சாவியைச் சரிபார்த்து செல்ஃப் ரிலேயை இழுக்கிறது, சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நடுவில் வயரை வெட்டினால் கம்ப்யூட்டரில் ஃபால்ட் கோடு (கோளாறுக் குறியீடு) விழுந்து வேறு தொல்லை வரலாம். சாவியின் சிக்னலைத் திருடுவதுதான் உங்கள் பயம் என்றால், சாவியைச் சிக்னல் தடுக்கும் உறையில் போட்டு வையுங்கள்.

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி, ஆக்சஸரி வயர் விஷயம் எல்லாரும் படிக்க வேண்டியது. செய்யப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் விட்டு வேலையைத் தொடங்குங்கள். வெறும் முறுக்கு, டேப் இரண்டும் செல்ஃப் வயருக்கு ஆகாது, நல்ல கிரிம்ப் அல்லது சோல்டர் போட்டு ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள், வயர் ஒரிஜினலைவிட மெலிதாக இருக்கக் கூடாது. அலாரத்தின் கிரவுண்ட் வயர் பெரும்பாலும் 500 மில்லி ஆம்பியர்தான் தாங்கும், ரிலே காயில் 150, 200க்குள் எடுக்கும், அதனால் அதே வயரில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். காயிலின் 85, 86 முனைகளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்), கோடு போட்ட முனை 86 பக்கம், ரிலே விடும்போது வரும் எதிர் வோல்டேஜ் பெட்டிக்குள் போகாமல் காக்கும்.

எல்லாம் முடித்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, அலாரத்தை ஆன் செய்து, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகுங்கள்: விளக்கு எரிய வேண்டும், செல்ஃப் எடுக்கக் கூடாது. அப்புறம் அலாரத்தின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் திருகுங்கள்: செல்ஃப் எடுக்க வேண்டும். எடுக்கும்போதே 30, 87ஏ இரண்டுக்கும் குறுக்கே மீட்டர் வைத்துப் பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஜாயிண்டை மறுபடி போடுங்கள்.