லைக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் டு வருமா, இங் வருமா?

வணக்கம். என் மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். அவளுடைய கொப்பியில் 'ஐ லைக் டு ஸ்விம்' என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டி 'ஸ்விம்மிங்' என்று திருத்தியிருக்கிறார்கள். பிள்ளை அழாத குறை. எனக்குத் தெரிந்து லைக், லவ், ஹேட் மூன்றுக்கும் இரண்டுமே சரி. என்ஜாய் வந்தால் இங்தான், வுட் லைக் வந்தால் டுதான்.

தமிழை வைத்துத்தான் சொல்லிப் பார்த்தேன். 'கீரிமலையில் நீந்த விருப்பம்' என்றால் இனிப் போய் நீந்த ஆசை. அது வுட் லைக் டு. 'நீந்துறது விருப்பம்' என்றால் எப்போதுமே பிடிக்கும். அது லைக் ஸ்விம்மிங். உடனே விளங்கிவிட்டது. ஆனால் 'ஐ லைக் டு லொக் த கேற் பிஃபோர் ரென்' (பத்து மணிக்கு முதல் கேற்றைப் பூட்டுறது விருப்பம்) என்பதில் இருவருமே சிக்கிவிட்டோம். கேற்றைப் பூட்டுவதில் இன்பம் ஒன்றும் இல்லையே, நல்லது என்று நினைத்துத்தானே பூட்டுகிறோம். பிரித்தானிய ஆங்கிலத்தில் அந்தக் கருத்துக்கு டுதான் வரும்.

ஆங்கிலம் படிப்பிக்கிற அக்காமார், அண்ணாமார், இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துகிறீர்கள்? பரீட்சையில் இரண்டுக்கும் புள்ளி போடுவார்களா? சனிக்கிழமை ரீச்சரோடு கதைக்கப் போகிறேன், அதற்கு முதல் சொன்னால் பெரிய உதவி.