ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையில் இந்த 138 யாருடையது?

வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். ஏற்காட்டுக் காப்பிக்கொட்டைச் சாற்றை எல்சி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளின் அயனி நிறையையும் அளக்கும் கருவி) ஓட்டினேன். காஃபீன் அயனி நிறை (m/z) 195-இல் அழகாக வந்தது. உடைத்தால் 57 போய் 138, அப்புறம் கார்பன் மோனாக்சைடு போய் 110. இதுவரை சரி.

ஆனால் உடைக்காமலே 138 இரண்டு இடத்தில் நிற்கிறது. ஒன்று ஓட்டம் தொடங்கியதுமே வருகிறது. உடைத்தால் 94, அதாவது 44 (கார்பன் டை ஆக்சைடு) இழப்பு. காப்பியில் இருக்கும் இன்னொரு ஆல்கலாய்டான டிரைகோனெலினாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று காஃபீனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அயனி மூலத்திலேயே காஃபீன் உடைகிறதோ? எங்களுடையது சாதாரண குவாட்ரூபோல் (நிறையை முழு எண் அளவுக்கே பிரிக்கும் வகை), 138.055-க்கும் (டிரைகோனெலின்) 138.066-க்கும் (காஃபீன் துண்டு) வித்தியாசம் அதற்குத் தெரியாது.

கோன் வோல்டேஜை (அயனி மூலத்தில் அயனிகளை உள்ளே இழுக்கும் மின்னழுத்தம்) குறைத்தால் போதுமா, எவ்வளவில் தொடங்கலாம்? இப்போது போட்டிருக்கும் சி18 பத்தியில் (எண்ணெய்த்தன்மை உள்ளதைப் பிடித்துவைக்கும் காலம்) டிரைகோனெலின் தங்குவதே இல்லை. ஹிலிக் (நீரில் எளிதில் கரைவதைப் பிடித்துவைக்கும் காலம்) போட்டுப் பார்த்த அண்ணன்கள், அக்காக்கள் யாராவது சொல்லுங்களேன். கருவி வியாழக்கிழமைதான் மறுபடி கைக்கு வரும்.