890 என்றால் இந்தியப் பொருளா?

பெரியப்பா: (ஃபார்வர்டு) பார்கோடு 890-இல் தொடங்கினால் இந்தியப் பொருள். 690 முதல் 699 வரை சீனப் பொருள். பார்த்து வாங்குங்கள், எல்லோருக்கும் பகிருங்கள்.

மீனா சித்தி: அத்தான், நேற்று வாங்கிய பேரீச்சம்பழத்தில் 890 இருக்கிறது. நம்ம ஊரில் விளைந்ததா?

கார்த்தி: சித்தி, பாக்கெட்டின் பின்பக்கம் எம்ஆர்பி-க்குப் பக்கத்தில் ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’, அதாவது எந்த நாட்டுப் பொருள் என்று பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

மீனா சித்தி: பாக்கெட் மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. ஈரான்! ஆனால் ‘பேக்டு பை’ சென்னை முகவரி.

கார்த்தி: பழம் அங்கே விளைந்தது, பாக்கெட் போட்டது இங்கே. அந்தக் கம்பெனி பார்கோடு எண்ணை, அதை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பிடம் வாங்கியிருக்கிறது, 890-க்கு அவ்வளவுதான் அர்த்தம்.

பெரியப்பா: சீனா எண்ணும் அப்படித்தானா?

கார்த்தி: ஆமாம் பெரியப்பா, எந்த நாட்டு எண்ணுக்கும் அதே கதைதான். இறக்குமதிப் பொருள் என்றால் எந்த நாடு, யார் இறக்குமதி செய்தார்கள் என்று பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும். எடையளவுச் சட்ட விதி அது. 2018 முதல் ஆன்லைன் கடைகளும் நாட்டைக் காட்ட வேண்டும்.

சுதா அக்கா: எங்கள் வீட்டுப் பாதாம் யுஎஸ்ஏ, மைசூர் பருப்பு கனடா. சாக்லேட்டில் மட்டும் இந்தியா. கோகோ இங்கே விளைகிறதா?

கார்த்தி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக இருக்கிறது அக்கா. ஆனால் வெளிநாட்டுக் கோகோவை இங்கே சாக்லேட் ஆக்கினாலும் இந்தியா என்றுதான் வரும். பொருளின் தன்மையே மாறும்படி எங்கே பக்குவம் செய்கிறார்களோ அந்த நாட்டைத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி கணக்கில் எடுக்கும். வெறுமனே பிரித்துப் பாக்கெட் போட்டால் அது செல்லாது. அதனால்தான் பேரீச்சைக்கு ஈரான், சாக்லேட்டுக்கு இந்தியா.

அம்மா: கனடா பருப்பு உடம்புக்கு ஆகாதா என்ன?

கார்த்தி: அப்படியெல்லாம் இல்லை அம்மா, தாராளமாகச் சமைக்கலாம். நாட்டின் பெயர் தரத்தைச் சொல்லாது. ஆனால் வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்கு என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்கக் கூடாது, அதுதான் என் ஆதங்கம். மிளகில் இது நிறைய நடக்கும். வியட்நாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மிளகு வருகிறது. முன்பக்கம் மலைப் படம் போட்டிருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள்.

மீனா சித்தி: நான் மிளகைச் சில்லறையாகத்தானே வாங்குகிறேன்?

கார்த்தி: மூட்டையைக் காட்டச் சொல்லுங்கள் சித்தி. பெரும்பாலும் மூட்டை மேலேயே அச்சடித்திருக்கும். வாடிக்கைக் கடைதானே, கேட்டால் காட்டுவார்.

பெரியப்பா: சரிப்பா. வாக்கிங் குழுவிலும் இதே ஃபார்வர்டு சுற்றுகிறது. நீ சொன்னதைச் சுருக்கமாக எழுதிக் கொடு, அங்கேயும் போடுகிறேன்.