எல்லவில் கடவுச்சீட்டை இழந்த பயணிக்கு மொழிபெயர்ப்பு உதவி தேவை

உறவுகளுக்கு வணக்கம். நேற்று மாலை நானுஓயாவிலிருந்து எல்ல நோக்கி வந்த புகையிரதத்தில், கதவோரம் நின்று மலைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஜெர்மனியப் பெண்மணி ஒருவரின் நீல நிறத் தோள்பை களவு போய்விட்டது. எங்கள் விடுதியில் தங்கியுள்ள அவருடைய கடவுச்சீட்டும் இன்சுலின் ஊசிகளும் அதற்குள்தான் இருந்தன. மருந்தைப் பண்டாரவளையில் வாங்கிக் கொடுத்தோம். 1912 என்ற சுற்றுலா உதவி இலக்கத்துக்கும் அறிவித்துவிட்டோம். தூதரகத்தில் தற்காலிகப் பயண ஆவணம் பெறவும் காப்புறுதி கோரவும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவைப்படும். சிங்களத்தில் எழுதப்படும் வாக்குமூலத்தில், அதை வாசிக்கத் தெரியாதவர் கையொப்பமிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளை காலை 9 மணிக்கு எங்களுடன் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, அதனை அவருக்கு ஜெர்மன் மொழியில் வரிவரியாக விளக்கக்கூடியவர்கள் தயவுசெய்து உடனே அறியத்தாருங்கள். ஹப்புத்தளை, தியத்தலாவைப் பக்கம் தண்டவாளத்தோரம் அந்தப் பையைக் கண்டவர்களும் சொல்லுங்கள். பணம் போனாலும் பரவாயில்லை, கடவுச்சீட்டு கிடைத்தாலே போதும்.