கல்யாணத்துக்கு முந்தின இரவுக் காய்வெட்டு: உறவா, ஓசி வேலையா?

தோவாளைக்காரன்:
ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது. சமையலை முழுவதுமாக ஒப்பந்தத்துக்கு விட்டுவிடலாம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். முந்தின இரவு உறவினர்கள் முற்றத்தில் கூடிக் காய்கறி வெட்டுகிற வழக்கத்தைக் கைவிடக் கூடாது என்பது என் கட்சி. வேலை மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாமன், மச்சான், மைனி (அண்ணி), கொழுந்தன் என்ற முறையெல்லாம் வாயளவில் நில்லாமல் கேலியும் பந்தயமுமாக வெளிப்படுவது அந்த ஒரே இரவில்தான். அவியலுக்குத் தடியங்காயும் (வெள்ளைப் பூசணி) சேனையும் விரல் நீளத்துக்கு ஒரே சீராக விழ வேண்டும். துவரன் என்கிற பொரியலுக்குக் கோஸைப் பொடிப்பொடியாக அரிய வேண்டும். புது மாப்பிள்ளையின் தம்பிமார்களுக்கு வேண்டுமென்றே முனை மழுங்கிய கத்தியைக் கொடுப்பார்கள். தேங்காய் துருவ உட்காருகிற மச்சான் வெள்ளைப் பூவோடு கறுப்பையும் சேர்த்துத் துருவிவிட்டால், "மாப்பிள்ளை சிரட்டையையும் கறியில் போட்டுவிட்டார்" என்று அத்தை ஒருத்தி தொடங்குவாள். மறுநாள் இலையில் பிரதமன் பாயசமும் போளியும் விழும் வரையில் அந்தப் பேச்சு ஓயாது. பத்து வருடமாகப் பேசாமலிருந்த சின்ன மாமாவும் பெரியப்பாவும் ஒரே சேனையின் இரு பக்கத்தில் உட்கார நேர்ந்து, கை அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் கேட்கப் போய்ப் பேசத் தொடங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் மைக் பிடித்து விளையாட்டு நடத்துகிறவரால் இதைச் செய்ய முடியுமா?

தக்கலை டீச்சர்:
அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் முற்றத்தை நானும் அறிவேன். ஆனால் நான் அறிந்தது அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தவளின் பக்கத்திலிருந்து. சின்ன மாமாவுக்கு அது ஒரு மணி நேரப் பேச்சு. அவருடைய மனைவிக்கோ அது நள்ளிரவு வரையில் வெட்டு, அதற்குப் பிறகு பாத்திரம், விடிவதற்கு முன் எழுந்து எல்லோருக்கும் காப்பி. கேலியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மச்சானுக்கு விழுகிற கேலி சிரட்டையோடு நின்றுவிடும். புதிதாக வந்த மருமகளுக்கு விழுகிற கேலி அவள் நிறத்துக்கும் அவள் கொண்டுவந்த நகைக்கும் போகும். அவள் முகம் சுருங்கினால், "விளையாட்டுக்குச் சொன்னதற்கு இப்படியா" என்று குற்றத்தையும் அவள் தலையிலேயே கட்டிவிடுவார்கள். திருப்பிச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை என்னும்போது அதை விளையாட்டு என்று எப்படி எடுத்துக்கொள்வது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பாயில் யார் உட்காரலாம், யார் வாழைக்குலை சுமந்து வந்து முற்றத்துக்கு வெளியிலேயே நிற்க வேண்டும் என்பதை நம் ஊரில் நெடுங்காலம் சாதிதான் தீர்மானித்தது. உறவைச் சேர்த்த இரவு என்று புகழும்போது அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தோவாளைக்காரன்:
டீச்சர் சொன்ன சாதிக் கணக்கை நான் மறுக்கவில்லை. மருமகளின் நிறத்தைப் பேசுகிற வாய்க்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்த வாய் மண்டபத்திலும் அதையேதான் பேசும். காய்வெட்டை நிறுத்தினால் அது அடங்கிவிடாது. முற்றத்தில் பதில் சொல்லப் பக்கத்திலேயே நாலு பெண்களாவது இருந்தார்கள். எங்கள் ஆச்சி அப்படிப்பட்டவளைக் குறிபார்த்து, பிஞ்சும் முற்றலுமாக வெட்டிக் குவித்திருந்த அவள் முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டி, ஊரே சிரிக்கும்படி வாயை அடைத்துவிடுவாள்.

குளச்சல் கரை:
இரண்டு பேருமே கல்யாண வீட்டை விட்டு நகர மறுக்கிறீர்கள். எங்கள் கரையில் டிசம்பர் பிறந்ததும் சித்தப்பா, மாமா பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் குடில் கட்டுவோம். வைக்கோலும் மூங்கிலும் தேடி அலைவது, அடுத்த வீட்டுக் குடிலில் என்ன புதுமை என்று இரவில் ஒற்றுப் பார்ப்பது, மாட்டுக்கு ஒரு கொம்பு குறைந்துபோனதற்காக ஒரு வருடம் முழுக்கக் கேலி வாங்குவது என்று எல்லாம் நடக்கும். இதில் வேலை முழுவதும் ஆண்பிள்ளைகளுடையது. யாருடைய தூக்கமும் சமையலறையில் கெடுவதில்லை. ஓணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நம் மாவட்டம் அதை விடவில்லை. இன்றும் உள்ளூர் விடுமுறை உண்டு. அத்தம் முதல் திருவோணம் வரையிலான பத்து நாளும் தோவாளைப் பூவில் களம் (பூக்கோலம்) போட முற்றத்தில் குனிகிற பிள்ளைகளுக்குள் எவ்வளவு சண்டை, எவ்வளவு ஒட்டுதல்! கை சேர்ந்து செய்கிற வேலை ஏதாவது இருந்தால்தான் கேலி பிறக்கிறது என்பதில் அண்ணாச்சி சரி. அந்த வேலை பெண்களின் முதுகில்தான் ஏற வேண்டும் என்பதற்கு மட்டும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

துபாயில் ஒரு மார்த்தாண்டம்:
வருடத்துக்கு ஒரு முறை விடுப்பில் வருகிறவனாகச் சொல்கிறேன். வாட்சப் குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிற மாமன் மகனின் குரல் எனக்கு மறந்தே போயிருந்தது. போன கல்யாணத்தில் அவனோடு தேங்காய் துருவப் பந்தயம் போட்டுத் தோற்றேன். தோற்றவன் எல்லோருக்கும் கட்டன் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் பிறகுதான் அவன் தன் கடன் விவகாரத்தை என்னிடம் சொன்னான். ஒப்பந்தச் சமையல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முக்கியச் சமையலைத் தவசிப்பிள்ளையிடம் (சமையல்காரரிடம்) விட்டுவிட்டு, அவியலுக்கு மட்டும் காய் நாம் வெட்டினால் போதாதா?

தக்கலை டீச்சர்:
அவியலுக்கு மட்டும் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. சேனையும் தேங்காயும் ஆண்கள் பொறுப்பு. காப்பியும் பாத்திரமும் பந்தயத்தில் தோற்றவர் பொறுப்பு, அது மாப்பிள்ளையின் பெரியப்பாவாகவே இருந்தாலும். வெட்டுகிற காயைப் பற்றி மட்டுமே கேலி. நகையையோ நிறத்தையோ தொட்டுப் பேசுகிறவருக்கு மறுநாள் பந்தியில் போளி கிடையாது. இதற்கு உங்கள் ஆச்சி ஒத்துக்கொள்வாரா, அண்ணாச்சி?

தோவாளைக்காரன்:
ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். முதல் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டாள். போளியை மட்டும் நிறுத்தினால் போதாது, பிரதமனையும் சேர்த்து நிறுத்த வேண்டும் என்கிறாள். பெரியப்பா காப்பி போட்டால் யார் குடிப்பது என்பதுதான் வீட்டில் இப்போது நடக்கிற விவாதம்.