தானோட்டி கார்: ஓடிய கிலோமீட்டரை வைத்து அனுமதி தரலாமா?

கேள்வி

ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாமல் ஓடும் கார்களுக்கு, அதாவது எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்க வகைப்பாட்டின் நிலை 4 வண்டிகளுக்கு, அனுமதி விதிகளை எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'இத்தனை லட்சம் கிலோமீட்டர் உயிரிழப்பில்லாமல் ஓடியிருக்கிறோம்' என்று நிறுவனங்கள் காட்டுகின்றன. அதையே வரம்பாக வைத்தால் போதாதா? போதாது என்றால் எதைக் கேட்க வேண்டும்?

பதில் 1

அந்த வரம்பு நியாயமான அளவில் இருந்தால் யாராலும் எட்ட முடியாது. எட்டும்படி குறைத்தால் அது எதையும் நிரூபிக்காது. 2016இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கைப் பாருங்கள். அப்போது அமெரிக்காவில் 10 கோடி மைலுக்கு 1.09 உயிரிழப்பு. மனிதர் ஓட்டுவதைவிட மோசமில்லை என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, 27.5 கோடி மைல் (சுமார் 44 கோடி கி.மீ.) ஓர் உயிரிழப்பும் இல்லாமல் ஓட வேண்டும். 100 கார்கள் இரவு பகலாக, மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினாலும் பன்னிரண்டரை ஆண்டு ஆகும். நடுவில் மென்பொருள் மாறினால் பழைய கணக்கு எவ்வளவு செல்லும் என்பது தனிச் சிக்கல்.

முதலில் இயக்க எல்லையை எழுத்தில் வாங்குங்கள்: எந்தச் சாலை, எந்த வேகம், எவ்வளவு மழை, இருட்டில் உண்டா. எல்லையைத் தாண்டுவதை வண்டி எதை வைத்து உணரும், உணர்ந்தபின் எங்கே நிற்கும் என்பதும் அதிலேயே வர வேண்டும். 'நடு வழித்தடத்தில் நிற்கும்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

பிறகு ஆபத்து ஆய்வு. இதற்கு இரண்டு சர்வதேசத் தரநிலைகள் உண்டு. ஐஎஸ்ஓ 26262 பாகங்கள் பழுதாவதைப் பார்க்கிறது. ஐஎஸ்ஓ 21448 பார்ப்பது வேறு: எதுவும் பழுதாகாமலேயே உணரியும் (கேமரா, ரேடார் போன்றவை) மென்பொருளும் சூழலைத் தவறாகப் புரிந்துகொள்வது. என் பார்வையில் பெரிய ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது. முதலாவதை மட்டும் காட்டும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம்.

பதில் 2

அந்த இரண்டாவது வகைக்கு 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் நடந்த ஊபர் சோதனைக் கார் விபத்தே சான்று. சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்ணை, மோதுவதற்கு 5.6 நொடி முன்பே அமைப்பு கண்டுவிட்டது. ஆனால் வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று வகையை மாற்றிக்கொண்டே இருந்தது. வகை மாறும்போதெல்லாம் முந்தைய நகர்வுத் தடத்தைக் கைவிட்டதால், அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பதையே கணிக்கவில்லை. மோதல் உறுதி என்று தெரிந்த பிறகும், வீண் பிரேக்கைத் தவிர்க்க வைத்திருந்த ஒரு நொடித் தாமதம் குறுக்கே வந்தது.

ஆகவே சோதனைத் தளத்தில் பாதசாரிப் பொம்மையைக் கடவுப்பாதையில் மட்டும் நிறுத்தாதீர்கள். இருட்டில், கடவுப்பாதை இல்லாத இடத்தில், கையில் சைக்கிளோடு நகர்த்துங்கள்.

தேர்ச்சி அளவுகோலுக்கு, தானாகத் தன் தடத்தில் ஓடும் கார்களுக்கான ஐ.நா. விதி 157 நல்ல முன்மாதிரி. வேறொரு கார் குறுக்கே நுழையும்போது, கவனமான மனித ஓட்டுநரின் மாதிரியோடு அது ஒப்பிடுகிறது: ஆபத்தை உணர 0.4 நொடி, பிரேக் தொடங்க மேலும் 0.75 நொடி. அந்த மாதிரி தவிர்க்கும் மோதலை வண்டியும் தவிர்த்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அனுமதி கொடுத்த பிறகு எதைக் கண்காணிப்பது?

பதில் 3

விபத்து அறிக்கையின் வரையறையில்தான் ஓட்டை விழும். 'மோதும்போது அமைப்பு இயங்கினால் மட்டும்' என்று எழுதினால், மோதலுக்கு ஒரு நொடி முன்பு அணைந்துவிட்ட வண்டி கணக்கில் வராது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு முகமை 2021இல் இட்ட ஆணை, மோதலுக்கு முந்தைய 30 நொடிக்குள் இயங்கியிருந்தாலே தெரிவிக்கச் சொல்கிறது.

மோதலுக்குப் பிந்தைய நடத்தையையும் கேளுங்கள். 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பாதசாரி, குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் காரின் முன் விழுந்தார். கார் மோதி நின்றது. பிறகு ஓரங்கட்டுவதற்காக நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரை சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. ஓரங்கட்டுவது பொதுவாகப் பாதுகாப்பான செயல் என்பதால் இதை யாரும் ஆபத்துப் பட்டியலில் தேடுவதில்லை. காருக்கு அடியில் ஆள் இல்லை என்று உறுதியாகாதவரை அசையக் கூடாது என்பதைத் தனி நிபந்தனையாக வையுங்கள்.

மென்பொருள் மாற்றங்களுக்கு ஐ.நா. விதி 156 இருக்கிறது. அனுமதி பெற்ற அம்சத்தைத் தொடும் மாற்றம் என்றால், வண்டிகளுக்கு அனுப்பும் முன்பே அதிகாரிக்குத் தெரிய வேண்டும். விபத்துப் பதிவிலும் மென்பொருள் பதிப்பு எண்ணைக் கட்டாயமாக்குங்கள். இல்லையேல் எந்தப் பதிப்பு மோதியது என்று பிறகு பிரித்தறிய முடியாது.